மேற்பார்வையாளர் தெரிவும் ஆளுமைச் சோதனையும்: புறமுகியைத்தான் போடவேண்டுமா?

#1 களஞ்சியம்_ஒறுகொடவத்தை

வணக்கம். இந்தத் துறை தெரிந்தவர்களின் கருத்துத் தேவை. இடம் கொழும்பு, ஒறுகொடவத்தைப் பக்கம், இறக்குமதிச் சரக்குக் களஞ்சியம். பண்டகப் பொறுப்பில் இருக்கும் 11 பேரில் 3 பேரை ஷிப்ட் மேற்பார்வையாளராக உயர்த்த வேண்டும். ஒரு ஷிப்டில் 14 பேர்: சுமை இறக்குபவர்கள், போர்க்லிப்ட் ஓட்டுநர்கள், எண்ணிச் சரிபார்ப்பவர்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் சிங்களம், மீதி தமிழ். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும்.

ஆட்களை 16 வகையாகப் பிரிக்கும் ஆளுமைச் சோதனை ஒன்றை வைத்து, அதில் 'புறமுகி' (ஆட்களோடு தானாகக் கலந்து பேசிப் பழகுபவர்) என்று வருபவர்களை மட்டும் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடலாம் என்பது நிர்வாகத்தின் யோசனை. இது சரிதானா? சரியில்லை என்றால் எந்தக் குணத்தைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? நிர்வாகத்துக்குக் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

#2 தராசு

அந்த 16 வகைச் சோதனையைத் தெரிவுக்குப் பாவிக்க வேண்டாம். ஆட்சேர்ப்புக்கு அதைப் பாவிக்கக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. கோளாறு அதன் கட்டமைப்பில் இருக்கிறது. புறமுகம், அகமுகம் (தனக்குள் அமைதியாக இருக்கும் இயல்பு) என்பது உயரம் மாதிரி ஒரு தொடர் அளவு. பெரும்பாலானோர் நடுப்பகுதியில்தான் நிற்பார்கள். சோதனை நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் மறு வகை என்கிறது. கோட்டை ஒட்டி நிற்பவர் ஒரு மாதம் கழித்து இரண்டு கேள்விக்கு விடையை மாற்றினாலே வகை மாறிவிடும். உங்கள் 11 பேரில் நாலைந்து பேராவது அப்படி நடுவில் நிற்கக்கூடும். அவர்களுடைய பதவியுயர்வு அந்த இரண்டு கேள்வியில் தொங்கும். அது அநியாயம்.

ஆய்வுகள் நிற்பது ஐந்து பெருங்குணங்களில்: புறமுகம், கடமையுணர்வு, இணக்கம், உணர்ச்சித் தளம்பல் (எளிதில் பதறுவது, கலங்குவது), புதியதை ஏற்கும் மனம். தலைமைத்துவம் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2002இல் ஜட்ஜும் மூன்று ஆய்வாளர்களும் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதில் நிர்வாகம் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒருவர் தலைவராகத் *தென்படுவதையும்*, தலைவராக *நன்றாக வேலை செய்வதையும்* அவர்கள் பிரித்துக் கணக்கிட்டார்கள். இணைபுக் குணகங்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு, கழித்தல் குறி என்றால் குணம் கூடக் கூட மற்றது குறையும்) இப்படி வந்தன:

புறமுகம்: தென்படுவதற்கு 0.33, வேலைக்கு 0.24.
கடமையுணர்வு: 0.33, 0.16.
இணக்கம்: 0.05, 0.21.
உணர்ச்சித் தளம்பல்: −0.24, −0.22.
புதியதை ஏற்கும் மனம்: இரண்டுக்கும் 0.24.

இணக்கத்தின் வரியைப் பாருங்கள். கூட்டத்தில் இணக்கமானவர் தலைவராகக் கண்ணில் படுவதே இல்லை, 0.05 என்பது கிட்டத்தட்டப் பூச்சியம். கதிரையில் இருத்திவிட்டால் புறமுகிக்குக் கிட்டத்தட்டச் சமமாக வேலை செய்கிறார். புறமுகியை மட்டும் கூப்பிட்டால் இவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

0.24 என்றால் எவ்வளவு? 100 பேரைப் புறமுகப் புள்ளியால் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரித்து, மொத்தத்தில் பாதிப்பேர் நல்ல மேற்பார்வையாளர் ஆகக்கூடியவர்கள் என்று வைத்தால், மேல் பாதியில் நூற்றுக்கு 62 பேர் தேறுவார்கள், கீழ்ப் பாதியிலும் நூற்றுக்கு 38 பேர் தேறுவார்கள். அந்த 38ஐ நேர்முகத்துக்கு முன்பே வீசிவிடுவதுதான் நிர்வாகத்தின் திட்டம்.

#3 மும்மொழி

தராசு அண்ணா சொன்ன 'தென்படுவது' கொழும்பில் இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

குழுவில் யார் தலைவராகக் கருதப்படுகிறார் என்பதில், அவர் *என்ன* பேசினார் என்பதைவிட *எவ்வளவு நேரம்* பேசினார் என்பது பெரிய பங்கு வகிக்கிறது. 2020இல் மக்லாரனும் மற்றவர்களும் செய்த ஆய்வில் பேசிய நேரத்தின் தாக்கம் அறிவுத்திறன், ஆளுமைப் புள்ளி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் நின்றது. இப்போது நம்மூரை யோசியுங்கள். பேசும் நேரத்தைத் தீர்மானிப்பது கூட்டம் நடக்கும் மொழி. தமிழில் வாய் ஓயாமல் கதைக்கும் ஒருவர் ஆங்கிலக் கூட்டத்தில் வசனத்தை மனதுக்குள் கட்டி முடிக்கும்போது பேச்சு அடுத்த விடயத்துக்குப் போயிருக்கும். கூட்டக் குறிப்பில் அவர் 'அமைதியானவர்'. அதே ஆள் இரவு ஷிப்டில் சிங்கள ஓட்டுநரோடும் தமிழ்ச் சுமைகாரரோடும் மாறி மாறிப் பேசி வேலையை ஓட்டிக்கொண்டிருப்பார். முகாமையாளர் அகமுகி என்று எழுதுவது பல நேரம் ஒரு மொழிக் குறிப்புத்தான்.

வினாக்கொத்திலும் இதே வழுக்கல் இருக்கிறது. 'கூட்டங்களில் நான் முதலில் பேசுவேன்' என்ற வாக்கியத்துக்கு எந்த மொழிக் கூட்டம் என்று தெரியாமல் எப்படி விடை போடுவது? சொல் தெரிவும் கவனம். 'அடக்கம்' நம்மிடம் பாராட்டு. 'அடக்கமாக இருப்பேன்' என்பதை அகமுகத்தை அளக்கும் கேள்வியாக வைத்தால் எல்லோரும் 'ஆம்' போடுவார்கள், அளவு செத்துவிடும். 'புதியவர்களோடு நானாகப் போய்ப் பேச்சுத் தொடங்குவேன்' என்பது நடத்தையைச் சொல்கிறது, அது வேலை செய்யும்.

எதிர்மறை வாக்கியங்கள் இன்னொரு பள்ளம். 'நான் எளிதில் பதறுவதில்லை' என்பதற்கு 'உடன்பாடில்லை' என்று போட வேண்டியவர் இரண்டு இல்லையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். தமிழில் 'இல்லை' கடைசியில் வந்து விழுவதால் வேகமாக வாசிப்பவருக்குத் தப்பிவிடும். 'நான் எளிதில் பதறுவேன்' என்று நேராக எழுதி, பதறாமைக்குப் புள்ளியிடும்போது திருப்புங்கள்: 5 புள்ளி அளவில் 6இலிருந்து விடையைக் கழித்தால் சரி. ஐபிப் (IPIP) எனப்படும், யாரும் பாவிக்கக்கூடிய ஆளுமைக் கேள்வித் தொகுப்பு இலவசம், 50 கேள்விப் பதிப்பும் உண்டு. அதைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒருவர் மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்து, விலகும் வாக்கியங்களைத் திருத்த வேண்டும்.

#4 களஞ்சியம்_ஒறுகொடவத்தை

இருவருக்கும் நன்றி. மொழி விடயம் நெற்றியில் அடித்தமாதிரி விளங்கியது. எங்கள் மாதாந்தக் கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, அதில் கதைப்பவர்கள்தான் நிர்வாகத்துக்குத் தெரிந்த முகங்கள்.

ஒரு துணைக் கேள்வி. பகல் ஷிப்டில் பழைய கைகள், 'இப்படிச் செய்தால் கெதியாய் முடியும்' என்று தாங்களே சொல்வார்கள். இரவில் பெரும்பாலும் நாட்சம்பளத்துக்கு வரும் புது ஆட்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆளா பொருந்துவார்?

#5 தராசு

இல்லை. இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. கிராண்ட், ஜினோ, ஹொஃப்மன் மூவரும் 2011இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பீட்சா விநியோகச் சங்கிலியின் கடைகளை எடுத்தார்கள். தாமாக யோசனை சொல்லாத ஊழியர்கள் இருந்த கடைகளில் புறமுகி முகாமையாளரின் கீழ் இலாபம் 16 சதவீதம் கூட. தாமாக முன்வந்து யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த கடைகளில் அதே புறமுகியின் கீழ் 14 சதவீதம் குறைவு.

ஏன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். கீழே இருந்து யோசனை வரும்போது, நடுவில் நிற்க விரும்பும் தலைவர் அதைத் தன் இடத்துக்கு வந்த போட்டியாக எடுத்து, கேட்காத மாதிரி விட்டுவிடுவார். இரண்டு தரம் அப்படி நடந்தால் ஊழியர் மூன்றாம் தரம் வாய் திறக்க மாட்டார். புது ஆட்களோடு கதை வேறு. அவர்களுக்கு யாராவது சத்தமாக, தெளிவாக, உற்சாகத்தோடு வழி காட்ட வேண்டும், அதைப் புறமுகி இயல்பாகச் செய்வார்.

ஆகவே பகலுக்கு, கேட்டு முடித்துவிட்டு முடிவு சொல்பவரைப் பாருங்கள். இரவுக்கு, நிலத்தில் இறங்கிக் குரல் கொடுத்து ஒழுங்குபடுத்துபவரைப் பாருங்கள். ஆட்கள் பழகப் பழக இரவு ஷிப்டும் பகல் மாதிரி ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பொருத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

#6 இரவு_ஷிப்ட்

பழுதாகும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல குணமும் அளவு தாண்டினால் ஷிப்டை முடக்கும். இதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

இணக்கம் மிகக் கூடியவரை எடுங்கள். சித்திரைப் புத்தாண்டு. 14 பேரில் பத்துப் பேராவது ஊருக்குப் போகவேண்டும், அதுவும் 12ஆம் திகதியே பஸ் ஏறவேண்டும். முதலில் கேட்டவருக்கு 'சரி' என்றார். இரண்டாமவர் பிள்ளையைப் பற்றிச் சொன்னார், அவருக்கும் 'சரி'. யாருக்கும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கடைசியில் கேட்கத் தயங்கியவர்கள் நாலு பேர் மட்டும் நிற்பார்கள், பெரும்பாலும் வருடாவருடம் அதே நாலு பேர். ஓ.டி. பட்டியலும் இப்படித்தான் போகும், கேட்டவருக்குக் கிடைக்கும். மே மாதம் வரும்போது அந்த நாலு பேரும் மேற்பார்வையாளரோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். 'எல்லோருக்கும் நல்லவராக இருந்தாரே, ஏன் பிரச்சினை?' என்று நிர்வாகம் கேட்கும்.

மருந்து அவருடைய குணத்தை மாற்றுவதில் இல்லை. 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எடுத்து ஒரு தாளில் வைக்க வேண்டும். பெப்ரவரி 15க்குள் விடுமுறைத் தாள் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒரே நாளில் அதிகபட்சம் 5 பேர். போன சித்திரைக்கு வேலை செய்தவருக்கு இந்த முறை முதல் உரிமை. வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் எல்லாவற்றுக்கும் இதே தாள். தாள் 'முடியாது' என்று சொல்லட்டும், அவர் ஆட்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கடமையுணர்வு மிகக் கூடியவர் ஒவ்வொரு பெட்டியையும் தானே எண்ணுவார். மூன்று மணித்தியாலத்தில் இறக்க வேண்டிய கொன்டெய்னர் ஆறு மணித்தியாலம் எடுக்கும். வெற்றுக் கொன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கப் பிந்தினால் தாமதக் கட்டணம். இவருக்கு எண்ணும் அளவை எழுதிக் கொடுங்கள்: 100 பெட்டிக்கு 10, பிழை ஒன்று கண்டால் மட்டும் முழுதும்.

உணர்ச்சித் தளம்பல்தான் என் கணிப்பில் இந்த வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது. இரவு இரண்டு மணிக்குக் கொன்டெய்னர் சீல் இலக்கம் ஆவணத்தோடு ஒத்துவராமல் போகும்போது பதறுபவர் இரண்டில் ஒன்று செய்வார்: 'பரவாயில்லை, திற' என்பார், அல்லது ஆட்கள் முன்னால் யாரையாவது ஏசுவார். இரண்டாவதுக்குப் பிறகு கீழே இருப்பவர்கள் கெட்ட செய்தியை அவரிடம் கொண்டுவரமாட்டார்கள். உடைந்த பெட்டி அடுக்கின் பின்பக்கம் போகும்.

#7 அளவுகோல்

எண்களை வாசிப்பதில் வரும் ஒரு பிழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சோதனை அறிக்கைகள் வழக்கமாகச் சராசரி 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 10 என்ற அளவில் வரும். ஒருவருக்கு 60, மற்றவருக்கு 54. நிர்வாகம் உடனே 60ஐத் தூக்கும். அளவின் நம்பகத்தன்மை, அதாவது திரும்ப அளந்தாலும் புள்ளி எவ்வளவு ஒத்துவரும் என்பது, 0.80 என்றால் (நல்ல வினாக்கொத்துக்கு அது சாதாரணம்) அளவுப் பிழை 10 × √0.20, அதாவது ஏறக்குறைய 4.5. 60 என்று வந்தவரின் உண்மையான இடம் 51க்கும் 69க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். இருவருக்கிடையிலான வித்தியாசத்தின் பிழை 6.3. ஆகவே இருவர் உண்மையிலேயே வேறுபட்டவர்கள் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 12 புள்ளிக்கு மேல் இடைவெளி தேவை. 6 புள்ளியில் ஒரு பதவியைத் தீர்மானிக்க வழியில்லை.

இன்னொன்று: பதவி கிடைக்கும் என்று தெரிந்தால் எல்லோரும் நல்ல விடைதான் போடுவார்கள். ஒருவர் தன்னைப் பற்றிப் போடும் புள்ளியைவிட, அவரோடு வேலை செய்பவர்கள் அவரைப் பற்றிப் போடும் புள்ளி வேலைத்திறனைக் கூடுதலாக முன்கணிக்கிறது என்பது 2011இல் திரட்டிப் பார்க்கப்பட்ட முடிவு.

#8 கொட்டாஞ்சேனை_75

இவ்வளவு கணக்கும் எதற்கு? தலைமைத்துவம் பிறப்பில் வரவேண்டும். இருப்பவரிடம் இருக்கும், இல்லாதவரிடம் சோதனை வைத்துக் கொண்டுவர முடியாது. செட்டியார் தெருவில் கடை நடத்துபவர்கள் ஒருவரும் வினாக்கொத்து வைத்து ஆள் எடுத்ததில்லை.

#9 அளவுகோல்

ஐயா, பிறப்பின் பங்கை யாரும் மறுக்கவில்லை, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் ஆர்வியும் மற்றவர்களும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரையும் சாதாரண இரட்டையரையும் ஒப்பிட்டார்கள். தலைமைப் பதவிகளை வகிப்பதில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் மரபணுவால் விளங்கியது. மிச்சம் 70 வளர்ந்த, வேலை செய்த சூழல்.

குணமும் கல்லில் வெட்டியது மாதிரி நிற்பதில்லை. 2017இல் ரொபர்ட்ஸ் குழு 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டியது. சிகிச்சை, பயிற்சி போன்ற தலையீடுகளால் சராசரியாக 24 கிழமைக்குள் அளக்கக்கூடிய மாற்றம் வந்தது, எல்லாவற்றிலும் கூட மாறியது உணர்ச்சித் தளம்பல். ஆனால் மாறவேண்டும் என்று நினைத்தால் மட்டும் போதாது. 2019இல் ஹட்சன் குழு, மாற விரும்பியவர்களுக்குக் கிழமைக்குக் கிழமை சின்னச் சின்னப் பணிகள் கொடுத்தது. செய்தவர்கள் மாறினார்கள், ஏற்றுக்கொண்டுவிட்டுச் செய்யாமல் விட்டவர்கள் மாறவில்லை.

கடைக்காரர்கள் வினாக்கொத்து வைப்பதில்லை என்பது சரி. அவர்கள் மூன்று, நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார்கள். அது மிக நீண்ட ஒரு வேலைமாதிரிச் சோதனை, அதாவது வேலையைச் செய்யவைத்தே ஆளைப் பார்ப்பது.

#10 கொட்டாஞ்சேனை_75

கடைசி வரியை ஏற்கிறேன். அப்படியானால் அந்த மூன்று வருடத்தை எப்படிச் சுருக்குவது என்று சொல்லுங்கள் தம்பி, அதுதான் இவருக்குத் தேவை.

#11 தராசு

சொல்கிறேன் ஐயா. எந்தத் தெரிவுமுறை வேலைத்திறனை எவ்வளவு முன்கணிக்கிறது என்று சாக்கெட் குழு 2022இல் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டது. கட்டமைத்த நேர்முகம் 0.42, வேலைமாதிரிச் சோதனை 0.33, கடமையுணர்வுப் புள்ளி 0.19. கட்டமைக்காத நேர்முகம், அதாவது 'வாங்கோ, இருங்கோ, உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ', அதுவும் 0.19. ஆகவே நேரத்தை முதல் இரண்டில் செலவழிக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு 5 கேள்வி போதும். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை, அவர் விரும்பும் மொழியில். கேள்விகளைக் களஞ்சியத்தில் உண்மையில் வந்த நெருக்கடிகளிலிருந்து எடுங்கள். இரவு_ஷிப்ட் சொன்ன சீல் விடயமே நல்ல கேள்வி: 'இரவு 2 மணி, சீல் இலக்கம் ஒத்துவரவில்லை, லொறிக்காரர் அவசரப்படுத்துகிறார், என்ன செய்வீர்கள்?' விடைக்குப் புள்ளி முதலே எழுதப்பட்டிருக்க வேண்டும். திறந்து இறக்கிவிட்டுக் காலையில் சொல்வேன் என்றால் 1. நிறுத்திவிட்டு முகாமையாளரைக் கேட்பேன் என்றால் 3. திறக்காமல் நிறுத்தி, இலக்கத்தைப் படமெடுத்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, முகாமையாளருக்கும் கிளியரிங் ஏஜன்டுக்கும் அறிவித்து, காத்திருக்கும் நேரத்தில் ஆட்களை வேறு அடுக்குக்கு அனுப்புவேன் என்றால் 5. இரண்டு பேர் கேட்க வேண்டும், இருவரும் ஒருவரோடொருவர் பேசும் முன்னே புள்ளியை மையால் எழுதிவிட வேண்டும். 2 புள்ளிக்கு மேல் விலகினால் மட்டும் காரணம் பேசலாம். பதவியில் மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவரின் புள்ளி அவர் பின்னால் போய்விடும், அது அடிக்கடி நடக்கும் பழுது.

வேலைமாதிரிக்கு 20 நிமிடம், 6 தாள்: மூன்று மொழியிலும் கலந்த ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பு, ஒத்துவராத டெலிவரி நோட், இரண்டு விடுமுறை விண்ணப்பம், பழுதான போர்க்லிப்ட் பற்றிய முறைப்பாடு, தலைமை அலுவலகத்தின் அவசரக் கடிதம். எதை முதலில் எடுக்கிறார், யாரிடம் எதை ஒப்படைக்கிறார் என்று பாருங்கள். பிறகு 3 நிமிடம் இரண்டு சிங்கள, இரண்டு தமிழ் ஊழியர்களுக்கு ஒப்படைப்பைச் சொல்லச் சொல்லுங்கள். மும்மொழி தங்கச்சி சொன்ன மொழிச் சிக்கல் இங்கே தானாக வெளியே வரும்: இந்த வேலைக்குத் தேவையான பேச்சு நிலத்தில் நடக்கும் பேச்சு, ஆங்கிலக் கூட்டத்துப் பேச்சுக்கு இதில் புள்ளி இல்லை.

ஆளுமை வினாக்கொத்தை வைக்கத்தான் வேண்டுமென்றால் 3 பேரையும் தெரிவு செய்த *பிறகு* வையுங்கள். யாருக்கு விடுமுறைத் தாள் தேவை, யாருக்கு எண்ணும் அளவு தேவை, யாருக்கு இரவு பொருந்தும் என்பதற்கு அது உதவும். முடிவுகளை வேறு எதற்கும் எடுக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இந்தத் தாள்களை மேசையில் விட்டுவைக்கக் கூடாது.

#12 களஞ்சியம்_ஒறுகொடவத்தை

இதை அப்படியே நிர்வாகத்துக்கு எழுதுகிறேன்: 11 பேருக்கும் நேர்முகம், 11 பேருக்கும் 20 நிமிட வேலைமாதிரி, இரண்டுக்கும் சம நிறை, தெரிவானவர்களுக்கு மட்டும் வினாக்கொத்து, மூன்று மாதம் பதில் கடமை. கூட வேலை செய்பவர்களின் மதிப்பீட்டையும் சேர்க்க விருப்பம். பயம் என்னவென்றால் களஞ்சியத்தில் பாதிப்பேர் ஒரே ஊர், சொந்தக்காரர்கள். தங்கள் ஆளுக்கு 5, மற்றவருக்கு 1 என்று போட்டால்?

#13 அளவுகோல்

போடுவார்கள், அதற்கு ஏற்பாடு செய்துகொண்டே தொடங்குங்கள். ஒருவருக்கு 6 முதல் 8 பேர் மதிப்பிட வேண்டும், சராசரி எடுக்காமல் இடையத்தை (புள்ளிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) எடுங்கள். 7 பேரில் இரண்டு சொந்தக்காரர் 5 போட்டாலும் இடையம் பெரிதாக நகராது. 'நல்ல தலைவரா?' என்று கேட்காதீர்கள். 'கடந்த ஒரு மாதத்தில் ஷிப்ட் ஒப்படைப்பை எத்தனை தரம் எழுத்தில் கொடுத்தார்?', 'யோசனை சொன்னபோது முழுதும் கேட்டாரா?' என்று எண்ணக்கூடியதைக் கேளுங்கள். சுமை இறக்குபவர்கள், ஓட்டுநர்கள் என்று குழுவாகப் பிரித்துக் காட்டுவதாக இருந்தால் ஒரு குழுவில் 3 பேருக்குக் குறைவாக இருந்தால் காட்டாதீர்கள், யார் என்ன போட்டார் என்று தெரிந்துவிடும். கையெழுத்துப் பிடிபடாமல் இருக்க வட்டமிடும் விடைகள் மட்டும். படிவம் இரண்டு மொழியிலும் ஒரே தாளில், ஒவ்வொரு கேள்விக்கும் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் சிங்களம், வட்டமிட இரண்டுக்கும் பொதுவாக ஒரே இலக்க வரிசை. தனித்தனித் தாளாக அடித்தால் எந்தப் பக்கத்து ஆள் எழுதினார் என்பது தாளைப் பார்த்தாலே தெரியும்.